துருவுக்கு இரையாகும் சாட்சி

நந்திக்கடலுக்கும் கிழக்குக் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பிலே, வெள்ளமுள்ளிவாய்க்காலுக்கு அண்மையில், பற்றைக்குள் ஒரு கார் கிடக்கக் கண்டேன். கார் என்பதும் மிகையே. கூரை சரிந்துவிட்டது. இயந்திரம் இருந்த இடத்தில் எருக்கஞ்செடி இடுப்பளவு உயர்ந்து பூத்து நிற்கின்றது. கதவில்லாத பக்கத்தால் நுழைந்த அடம்பன்கொடி, பின் ஆசனத்தின் கம்பிச் சுருள்களை மூடி, மறுபக்கத்தால் வெளியேறிக் கடலை நோக்கிப் படர்கின்றது. உக்கிய இலக்கத் தகட்டிலே ‘ஸ்ரீ’ என்னும் சிங்கள எழுத்து மாத்திரம் இன்னும் தெரிகின்றது.

1957இல் அவ்வெழுத்தை மோட்டார் வண்டிகளில் ஏற்றினார்கள். 1958இல் தமிழர் அதன்மேல் தார் பூசினர். பூசியவர் சிறை சென்றனர். நம்மீது திணிக்கப்பட்ட அதே எழுத்து, இவ்வண்டி யாருடையது என்று கேட்பதற்கு இன்று நமக்கு உதவவேண்டிய நிலை வந்திருக்கின்றது!

“பழைய இரும்புதானே ஐயா” என்றார் உடன் வந்தவர். அவரை நோவதற்கில்லை. ஆட்சியாளர் நமக்குப் போதித்த பாடம் அது. காடு மூடட்டும், காலம் ஆற்றட்டும் என்கின்றனர். காடு மூடுவது காயத்தையா, குற்றத்தையா என்று நாம் வினவுகின்றோம்.

சட்டம் கற்றவன் என்ற முறையிற் கூறுகின்றேன்: அது இரும்பன்று, சான்றுப்பொருள். ஒவ்வொரு வண்டியின் சட்டகத்திலும் இயந்திரத்திலும் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கின்றது. 1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் அவ்விலக்கத்துக்கு உரியவரின் பெயர் கொழும்பிலே பதிவேட்டில் உண்டு. அரத்தால் அராவிய இலக்கத்தைக்கூட அமிலங்கொண்டு மீட்கும் வழி இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிந்ததே. ஆனால் உலோகத்தையே துரு தின்றுவிட்டால் எந்த அமிலமும் உதவாது.

அந்தக் கார் அங்கே எவ்வாறு வந்தது? 2009 ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி வீழ்ந்தது. சனம் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை என ஓடியது. ஜனவரி 21இலும் பெப்ரவரி 12இலும் மே 8இலும் ‘பாதுகாப்பு வலயம்’ என்று மும்முறை அரசாங்கம் அறிவித்தது. ஒவ்வொரு முறையும் நிலம் சுருங்கிற்று. பாயும் பானையும் பிள்ளைகளுமாய் வண்டியில் ஏற்றிவந்தவர், அதற்கப்பால் ஓட்ட வழியில்லாத இடத்திலே அதை விட்டிறங்கியிருப்பார். இறங்கியவர் எங்கே? வட்டுவாகற் பாலத்தைக் கடந்தாரா? கடந்தபின் கையளிக்கப்பட்டாரா? அல்லது இறங்கவே இல்லையா?

அவர் இன்று கனடாவில் நலமாய் இருக்கலாம். வண்டியை முன்னரே விற்றுமிருக்கலாம். அங்ஙனமாயின் மகிழ்ச்சியே. கேட்டாலன்றோ தெரியும்?

கேட்பதற்குப் பதிலாக அரசாங்கம் செய்தது என்ன? 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால், ஓராண்டுக்கு மேல் காணப்படாதவருக்கு இறப்புச் சான்றிதழ் வழங்க வழிவகுத்தது. 2016இல் அதைத் திருத்தி, காணக்கிடைக்காமைக்கும் சான்றிதழ் தந்தது. அதே ஆண்டில் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் சட்டம் இயற்றியது. தாள்களுக்குக் குறைவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சித் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மார் கேட்டது தாளையா? கார் கைமாறினால் அறிவிக்கவேண்டும் என்று சட்டம் விதிக்கும் நாட்டிலே, மனிதர் கைமாறியதற்குக் கணக்குக் காட்டுவார் இல்லை.

2023 ஜூனில் கொக்குத்தொடுவாயிலே நீர்க்குழாய் புதைக்க வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. வேலை நின்றது, நீதிமன்றம் தலையிட்டது. எலும்பு கண்டால் நிற்கத் தெரிந்த சட்டம், எலும்புக்குரியவர் ஏறிவந்த வண்டியைக் கண்டும் ஏன் நிற்பதில்லை? எத்தனை வண்டிகள் லொறிகளில் ஏறி உருக்குலைக்குப் போயினவோ!

எஞ்சியவற்றையேனும் இடத்தோடும் இலக்கத்தோடும் அந்த அலுவலகம் பட்டியலிடவேண்டும். பதிவேட்டோடு ஒப்பிட்டு, உரியவரின் பெயரைக் காணாமற்போனோர் முறைப்பாடுகளோடு பொருத்திப் பார்த்து, முடிவைத் தமிழில் வெளியிடவேண்டும். அதுவரை ஒரு வண்டியும் இரும்புக்கு விற்கப்படலாகாது.

வன்னி வாசகர்க்கு ஒரு சொல். வெடிபொருள் அகற்றப்படாத பற்றைக்குள் கால்வைக்கவேண்டாம். பாதையோரத்திலே இத்தகைய வண்டி காணின், இலக்கத்தையும் இடத்தையும் குறித்து, படமும் எடுத்து, உங்கள் சட்டத்தரணியிடம் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். அந்தக் காரின் இலக்கத்தில் எனக்கு வாசிக்கக் கூடியதாயிருந்தவை இறுதி இரண்டு எண்களே.