குத்தகை நிலமும் தக்கைப்பூண்டும்

புதுச்சேரியின் பழைய கடல்வாணிபத்தில் இரண்டு செடிகளுக்குத் தனி இடமுண்டு. ஒன்று அவுரி, அதன் நீலம் ஏறிய துணிகள் மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்றன. மற்றொன்று நாம் மணிலா என்றழைக்கும் வேர்க்கடலை. 19ஆம் நூற்றாண்டில் எண்ணெய்க்காக மார்செய் துறைமுகத்துக்குக் கப்பலேறியது. இரண்டுமே அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். எனினும் நெற்பயிரால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள இயலாது. அவரைக் குடும்பச் செடிகளின் வேர்முடிச்சுகளில் தங்கும் ரைசோபியம் நுண்ணுயிர்கள்தாம் அதைத் தழைச்சத்தாக மாற்றுகின்றன. முடிச்சை நறுக்கிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது வேலை நடப்பதன் அடையாளம்.

சம்பா நடவுக்கு முன் தக்கைப்பூண்டை விதைத்து, சுமார் 45 நாளில், பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், நன்கு வளர்ந்த பயிர் எக்டேருக்கு 60 கிலோ அளவுக்குத் தழைச்சத்தைத் தரும். ஏறக்குறைய மூன்று மூட்டை யூரியாவுக்கு அது ஈடு. மண்ணும் பொலபொலப்பாகும்.

அப்படியாயின் பாகூர் வயல்களில் எல்லோரும் இதைச் செய்யலாமே எனத் தோன்றும். தடை அறியாமையன்று, குத்தகை. அடுத்த ஆண்டு நிலம் தம் கையில் இருக்குமா எனத் தெரியாத உழவர், பிறர் மண்ணை வளப்படுத்த ஏன் செலவிடவேண்டும்? மானிய விலை யூரியா சில நாள்களிலேயே பயிரைப் பச்சையாக்கிக் காட்டிவிடுகிறது. மிகுதியாக இடும் யூரியாவின் ஒரு பகுதியோ, நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் கலக்கிறது. நகரத்தில் நாம் குடிப்பதும் நிலத்தடி நீரே.

ஆகவே பொறுப்பு முதலில் நிலவுடைமையாளருக்கே உரியது. நகரத்தில் வசித்தவாறு கிராமத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் சகோதரர்கள் நம்மிடையேயும் உள்ளனர். நிலம் அமானிதம் என்று நாம் நம்புவது மெய்யானால், இரண்டு காரியங்கள் செய்யலாம். ஏக்கருக்குச் சுமார் 20 கிலோ தேவைப்படும் தக்கைப்பூண்டு விதையின் செலவை நாமே ஏற்கலாம். குத்தகையை ஓராண்டுக்கு மாறாக மூன்றாண்டுகளுக்கு எழுதித் தரலாம். அடுத்த குத்தகைப் பேச்சின்போது தொகைக்கு முன் இவ்விரண்டையும் பேசுங்கள்.