கடைப் பந்தி

பரிமாறுகிறவன் தன்னவனாக இருந்தால் கடைப் பந்தியில் உட்கார்ந்தாலும் குறைவில்லை என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். கல்யாண வீட்டில் பிறந்த இந்தப் பழமொழி கிரிக்கெட்டுக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதை அறியச் சுரண்டைக் கடைத் தெருவில் அரை மணி நேரம் நின்றால் போதும். இந்தியக் கோஷ்டியின் ஜாபிதா வெளியாகும் தினத்தில், காய்கறிச் சந்தைக்கு வந்தவர்கள் கத்தரிக்காய் விலையைக் கூட மறந்து விடுகிறார்கள். "வடக்கே எத்தனை பேர்? மேற்கே எத்தனை பேர்? நம் பக்கத்தில் எத்தனை பேர்?" என்று விரல் மடக்கிக் கணக்குப் பார்க்கிறார்கள். கணக்கு முடிந்தவுடன் தீர்ப்பும் ஆகிவிடுகிறது: "பாரபட்சம்!"

இதை வெறும் கடைத் தெரு வம்பு என்று தள்ளிவிடுவதற்கில்லை. 1934-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம் நடந்தது. சென்னையும் மைசூரும் மோதின. ஏ. ஜி. ராம்சிங் 35 ஓட்டங்கள் கொடுத்து 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பந்தயம் ஒரே நாளில் முடிந்தது. பந்து வீச்சு, மட்டை வீச்சு இரண்டிலும் வல்லவரான அவர், அதிகாரபூர்வமான டெஸ்ட் பந்தயம் ஒன்றில் கூட ஆடவில்லை. அவர் புதல்வர்களான கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் ஆடினார்கள். தகப்பனாருக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. 1936-ல் இங்கிலாந்து சென்ற கோஷ்டியில் சென்னைக்காரர்களே இல்லையென்று சொல்ல முடியாது. சி. ராமசாமியும் எம். ஜே. கோபாலனும் போனார்கள். ஆனால் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியைத் துறந்து கப்பலேறிய கோபாலனுக்கு அங்கே ஒரு டெஸ்டிலும் இடம் கிடைக்கவில்லை. இவற்றையெல்லாம் நினைக்கும் போது தெற்கத்தியாருக்கு மனம் கசப்பது இயற்கையே.

பாரபட்சம் என்ற சந்தேகம் முளைப்பதற்கு ஏற்ற நிலம் ஒன்று உண்டு. எல்லாரும் எல்லாரோடும் மோதிப் பார்த்தால் உயர்வு தாழ்வு ஆடுகளத்திலேயே தெரிந்து போகும். அவ்விதம் மோதாதபோது, ஆட்டம் விட்ட இடைவெளியை அபிப்பிராயம் வந்து நிரப்புகிறது. ரஞ்சிக் கோப்பையின் முதற் சுற்று நெடுங்காலம் மண்டல வாரியாகவே நடந்தது. எலைட், பிளேட் என்ற பிரிவுகள் 2002-03-ல்தான் வந்தன. தென் மண்டலத்தில் ஒருவர் எடுத்த ஐந்து விக்கெட்டும் மேற்கு மண்டலத்தில் ஒருவர் எடுத்த ஐந்து விக்கெட்டும் சமமா என்று எந்தத் தராசில் நிறுப்பது? பம்பாய் 1958-59 முதல் 1972-73 வரையில் தொடர்ந்து 15 முறை கோப்பையை வென்றது. ஆகவே அங்கே ஆடியவருக்குப் புகழும் சேர்ந்தே வந்தது. அந்தப் புகழ் நியாயமானதுதான். ஆனால் புகழுள்ள வீட்டுப் பிள்ளை என்பதற்காக முன் பந்தியில் உட்கார வைத்தால், அது வேறு விஷயம்.

அமெரிக்காவிலும் இதே வழக்குத்தான். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்தத் தேசத்துக் கலாசாலைக் கால்பந்தில், மேல்தரக் கோஷ்டிகள் மட்டும் நூற்று முப்பதுக்கு மேல். ஒவ்வொன்றும் பெரும்பாலும் தன் கூட்டமைப்புக்குள்ளேயே பன்னிரண்டு பந்தயம் போல ஆடுகிறது. 2023-ல் புளோரிடா ஸ்டேட் கோஷ்டி பதின்மூன்று பந்தயங்களிலும் தோல்வி காணாமல் தன் கூட்டமைப்பின் பட்டத்தையும் வென்றது. அப்படியிருந்தும் பதின்மூவர் கொண்ட தெரிவுக் குழு அதை நால்வர் பட்டியலில் சேர்க்காமல், ஒரு முறை தோற்ற அலபாமாவைச் சேர்த்தது. முக்கிய ஆட்டக்காரருக்குக் காயம் என்பது சொல்லப்பட்ட காரணம். அலபாமா இருந்த கூட்டமைப்பின் செல்வாக்கே உண்மைக் காரணம் என்பது ஜனங்களின் கூச்சல். மறு வருஷமே நான்கு இலைகள் பன்னிரண்டாக்கப்பட்டன. பன்னிரண்டு இலை போட்ட பிறகு பதின்மூன்றாவது விருந்தாளி கோபிக்கத்தானே செய்வார்!

ஆனால் வாசகர்களை ஒன்று கேட்டுக் கொள்கிறோம். குற்றம் சாட்டுமுன் எதிர்த் தரப்புச் சாட்சியையும் விசாரிக்க வேண்டும். 1972-73 ரஞ்சி இறுதிப் பந்தயத்தில் சேப்பாக்கத்திலேயே தமிழ்நாட்டைக் கவிழ்த்தவர் பம்பாயின் பத்மாகர் சிவல்கர். முதல் இன்னிங்ஸில் 16 ஓட்டத்துக்கு 8 விக்கெட்; இரண்டாவதில் 18 ஓட்டத்துக்கு 5. பம்பாய்க்காரர் என்றால் கதவு தானே திறக்கும் என்பது மெய்யானால், இவர் டெஸ்ட் ஆடியிருக்க வேண்டாமா? கடைசி வரையில் ஒன்றும் ஆடவில்லை. ரஞ்சிப் பந்தயங்களில் 637 விக்கெட்டுகள் எடுத்த ரஜீந்தர் கோயலும் ஆடவில்லை. இருவரும் இடக்கைச் சுழல் வீச்சாளர்கள். அந்தக் காலத்தில் அந்த ஒரு பீடத்தில் பிஷன் சிங் பேடி அமர்ந்திருந்தார். கோயலும் பேடியும் ஒரே வட மண்டலத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே இடம் கிடைக்காமை எல்லாவற்றையும் ஓரவஞ்சனை என்று எழுதிவிட முடியாது.

பட்சபாதம் இரு வகைப்படும் என்று நமக்குத் தோன்றுகிறது. தெரிந்தே தன்னவருக்கு அள்ளி வைப்பது ஒன்று. இது குறைவு, அகப்பட்டால் தண்டிக்கலாம். கண்ணில் பட்டவருக்கு மட்டும் பரிமாறிவிட்டுப் பந்தி முடிந்ததென்று நினைப்பது மற்றொன்று. இதைச் செய்கிறவர் நல்லவராகவும் இருக்கலாம். அதனால்தான் இது அதிக ஆபத்தானது. லோதா குழுவின் சிபாரிசுப்படி தெரிவாளர் மூவர் போதுமென்று 2016-ல் ஏற்ற உச்ச நீதிமன்றம், 2018-ல் ஐவர் என்று மாற்றியது. கண்கள் அதிகமானால் பார்வை விரியும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஐந்து ஜோடிக் கண்களும் ஒரே மைதானத்தை நோக்கினால் பிரயோஜனம் என்ன?

வடக்கைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், நம் வீட்டையும் பார்க்க வேண்டும். சேலம் ஜில்லா சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசிக் கொண்டிருந்த நடராஜன் சென்னைக்குப் போன பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தார். 2020-21-ல் ஆஸ்திரேலியாவுக்கு வலைப் பயிற்சிக்காகச் சென்று, அதே பிரயாணத்தில் மூவகைப் பந்தயங்களிலும் அறிமுகமானார். அவர் திறமை சின்னப்பம்பட்டியிலேயே இருந்தது. அங்கே பார்க்கக் கண்தான் இல்லை. 2016-ல் தொடங்கிய தமிழ்நாடு பிரிமியர் லீக் பந்தயங்கள் திண்டுக்கல் நத்தத்துக்கும் திருநெல்வேலிக்கும் வந்தது நல்ல காரியம். சுரண்டைக்கு அவையும் தூரமே.

ஏன், பள்ளிக்கூட அளவிலேயே இந்த நோய் உண்டு. ஊத்துமலையிலிருந்தும் சேர்ந்தமரத்திலிருந்தும் பஸ்ஸில் வரும் பையன், மாலை மணி அடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான். பயிற்சி அதற்குப் பிறகு. உள்ளூரிலேயே வீடுள்ளவன் நின்று ஆடுகிறான். அவன் பெயர் வாத்தியார் நாவில் நிற்கிறது. பதினொருவர் பட்டியலில் யார் இருப்பார்கள் என்று சொல்ல வேண்டுமா? வஞ்சகம் செய்தவர் எவருமில்லை. நஷ்டப்பட்டவன் மட்டும் இருக்கிறான். பயிற்சியைக் காலை வேளைக்கோ பகல் இடைவேளைக்கோ மாற்றினால் பாதி அநீதி தீர்ந்துவிடும். அதற்கு நீதிமன்றம் வேண்டாம். தலைமையாசிரியரின் ஒரு கையெழுத்துப் போதும்.

மேலே இருப்பவர்களிடம் நாம் வேண்டுவதும் இவ்வளவே: ஜில்லாக்களுக்கு வந்து பாருங்கள், ஒருவரைச் சேர்த்ததற்கும் விட்டதற்கும் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள், மோதாதவர்களை மோத விடுங்கள். பரிமாறுகிறவர் நம்மவராக இருக்க வேண்டியதில்லை. கடைப் பந்தி வரையில் நடந்து வரக் கூடியவராக இருந்தால் போதும்.