சாவி வாங்குவதற்கு முன்

வானொலிக்கு வரும் குரல் பதிவுகளில் இப்போதெல்லாம் பாட்டு கேட்பவர்களோடு யோசனை கேட்பவர்களும் சேர்ந்துவிட்டார்கள். அண்மையில் ஓர் அண்ணன் கேட்டார்: “தங்கச்சி, கடை வாடகையில முந்நூறு வெள்ளி குறைக்க எப்படிப் பேசுறது?”

தாராளமாகப் பேசுங்கள் அண்ணே. ஆனால் வாடகை குறைந்த மகிழ்ச்சியிலேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பெரிய அடி பெரும்பாலும் மூன்றாம் ஆண்டு முடிவில்தான் விழுகிறது.

கிள்ளானில் என் அத்தை மகள் அழகு நிலையம் வைத்திருந்தார். தரைக்கல், மின்கம்பி, தலை கழுவும் தொட்டி, பெயர்ப்பலகை என்று அறுபதாயிரம் ரிங்கிட் இறக்கினார். வாடிக்கையாளர் பழகி, கடன் அடையும் நேரம். 2,500 ரிங்கிட் வாடகையை 4,000 ஆக்கினார் உரிமையாளர். ஒப்பந்தத்தில், ‘மேலும் மூன்று ஆண்டுகள் நீட்டிக்கலாம், வாடகையை இரு தரப்பும் அப்போது பேசி முடிவு செய்யும்’ என்று இருந்தது. அக்கா அதைப் பாதுகாப்பு என்று நம்பியிருந்தார். பேசி முடியாவிட்டால் என்ன என்று அதில் ஒரு வரியும் இல்லை. கடையைக் காலி செய்தார். போட்ட தரைக்கல்லைப் பெயர்த்துப் பழையபடி ஆக்கும் செலவும் முன்பணத்திலிருந்து போனது.

ஆகவே, பேச வேண்டியவை இவை.

முதலில் நீட்டிப்பு. ‘சந்தை நிலவரப்படி’ என்று இருந்தால், ‘பழைய வாடகையைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் உயராது’ என்பதுபோல் ஓர் உச்சவரம்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். நீட்டிப்புக் கடிதத்தை எத்தனை மாதங்களுக்கு முன் கொடுக்க வேண்டும் என்று பார்த்து, அந்தத் தேதியை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். தேதி தவறினால் உரிமையும் போய்விடலாம்.

அடுத்து, கட்டடம் கைமாறினால்? தீபகற்ப மலேசியாவில் மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்ட வாடகையைப் பதிவு செய்யத் தேவையில்லை. அதற்கு மேல் போனால் குத்தகையாகப் பதிய வேண்டும். ஆனால் பதியாத வாடகை, நில அலுவலகத்தில் பட்டாவில் குறிக்கப்படாவிட்டால், கட்டடத்தை வாங்கும் புதியவரைக் கட்டுப்படுத்தாது. இதற்கு உரிமையாளரின் ஒத்துழைப்பு தேவை. பட்டா அவர் கையிலோ வங்கியிலோ அல்லவா இருக்கும்? அதனால் முன்கூட்டியே கேட்டு, ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, புதுப்பிப்புக் காலம். கடையைச் சீரமைக்கும் நாட்களுக்கு வாடகை விலக்கு கேட்கலாம். நகராண்மைக் கழகம் வணிக உரிமம் தராவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள்.

நான்காவது, காலி செய்யும் நாள். எதைப் பெயர்க்க வேண்டும், எதை விட்டுப் போகலாம் என்று பட்டியல் போடுங்கள். ‘சாதாரணத் தேய்மானம் நீங்கலாக’ என்ற சொற்கள் இருக்கட்டும். சாவி வாங்கிய அன்றே சுவர், கூரை, கழிவறை எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

கையெழுத்தானதும் 30 நாட்களுக்குள் முத்திரை வரி கட்டுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

இன்னொன்று. நம் ஊரில் ஒப்பந்தத்தை எழுதுவது பெரும்பாலும் உரிமையாளரின் வழக்கறிஞர். அவர் கட்டணத்தைக் கட்டுவது பல நேரங்களில் வாடகைக்கு வருபவர். “நாமதானே காசு கொடுக்கிறோம், நமக்கும் பார்ப்பாரு” என்று பலர் நினைக்கிறார்கள். அவர் உரிமையாளருக்காகத்தான் எழுதுகிறார். உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அறுபதாயிரம் போடப் போகிற கடைக்கு அந்தச் செலவு பெரிதில்லை.

கடை காலியாகக் கிடந்தால் உரிமையாளருக்கும் மாதாமாதம் நட்டம். அதனால் கையெழுத்துக்கு முன் நீங்கள் கேட்பதை அவர் காதுகொடுத்துக் கேட்பார். தரைக்கல் பதித்த பிறகு, நீங்கள் எழுந்து போக மாட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியும்.