பெயர் மாறினால் போதுமா?

புதுதில்லி: மும்பையின் கடைசி பிரீமியர் பத்மினி டாக்சி, 2003 அக்டோபர் 29-ஆம் தேதி தாட்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது. டாக்சிகளுக்கான 20 ஆண்டு வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் இறுதியில் அதுவும் சாலையிலிருந்து விடைபெற்றது. தாதர் ரயில் நிலையத்தில் இறங்கி, கூரைமேல் பெட்டிகளைக் கட்டி, மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் தாராவிக்கும் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தக் கறுப்பு-மஞ்சள் காரே மும்பையின் முதல் அறிமுகம்.

அந்தக் காரின் வரலாறு பெயர் மாற்றங்களின் வரலாறு. வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், செம்பூரை அடுத்த குர்லாவில் இத்தாலியின் ஃபியட் கார்களை உருவாக்கி வந்தது. 1964-இல் வந்த 'ஃபியட் 1100 டிலைட்', எழுபதுகளின் தொடக்கத்தில் 'பிரீமியர் பிரசிடென்ட்' ஆயிற்று. 1974-இல் 'பத்மினி' ஆயிற்று. சித்தூர் ராணியின் பெயர் வந்ததே தவிர, அடிப்படை வடிவமும் 1,089 சிசி என்ஜினும் அப்படியே இருந்தன. தலைநகரில் அமைச்சர்களைச் சுமந்த அம்பாசடரும் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டுதான். 'மார்க்' எண்கள் ஏறின. கார் ஏறக்குறைய அதேதான்.

இதற்கு நிறுவனங்களை மட்டும் குறை கூறுவதில் நியாயமில்லை. யார், எத்தனை கார் தயாரிக்கலாம் என்பதை அன்று உரிம முறை தீர்மானித்தது. 1969-இல் மத்திய அரசு விலையையும் நிர்ணயித்தது. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் சென்றன. 1971-இல் தீர்ப்பு வந்தது. வழக்கு முழுதும் விலையைப் பற்றியது; தரத்தைப் பற்றியதன்று. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவருக்குக் கிடைத்ததை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகே போட்டி என்பதன் பொருள் விளங்கிற்று.

இன்று நிலைமை தலைகீழ். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ, மும்பையில் பத்மினியின் இடத்தைப் பிடித்த டாக்சிகளுள் ஒன்று. 2003-இல் 'சான்ட்ரோ ஜிங்' ஆகி, 2014-இல் நின்றது. 2018-இல் அதே பெயரில் முற்றிலும் வேறொரு கார் வந்து, 2022-இல் அதுவும் நின்றது. அன்று பழைய காருக்குப் புதுப் பெயர். இன்று புதிய காருக்குப் பழைய பெயர். இரண்டிலும் வாங்குபவர் நம்புவது பெயரையே.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால் உயிர் இருக்கிறது. புதிய கார்களுக்குக் குறைந்தபட்ச மோதல் சோதனை விதிகள் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தன. நட்சத்திரத் தரவரிசை தரும் 'பாரத் என்-கேப்' 2023 அக்டோபரில் தொடங்கியது; ஆனால் அதில் பங்கேற்பது நிறுவனத்தின் விருப்பம். சாலைப் பாதுகாப்பு பற்றி அவையில் உறுப்பினர்கள் கவலை தெரிவிப்பதும், அமைச்சர்கள் பதிலளிப்பதும் வாடிக்கை. இந்தச் சோதனையைக் கட்டாயமாக்குவதே அக்கவலைக்கு உரிய விடை. ஒவ்வொரு தலைமுறைக் காருக்கும் அதன் மதிப்பெண் விற்பனைக் கூடத்திலேயே எழுதி வைக்கப்பட வேண்டும்.

வாகனத்தின் வயதை அரசு 20 ஆண்டு எனக் கறாராக வரையறுக்கிறது. சுமையை ஏற்பவரோ, கடன் வாங்கி அடுத்த காரைத் தேடும் டாக்சி ஓட்டுநர். அவரிடம் காட்டும் கண்டிப்பில் ஒரு பங்கையேனும் உற்பத்தியாளரிடமும் காட்டட்டும்.