சொந்தச் சரக்கு லாரிக்கு எந்த பாலிசி?

பரளச்சி வட்டாரத்தில் கமிஷன் கடையும் மொத்தப் பலசரக்கும் நடத்தும் நம் வணிகர்களில் பலர், வாடகை லாரிக்குக் காத்து நிற்பதை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு நடுத்தர லாரி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். நம்முடையது மானாவாரி பூமி. மிளகாய் வற்றலும் மல்லியும் பருத்தியும் வந்தால் ஒரேயடியாக வரும்; வராத மாதங்களில் வண்டி ஷெட்டில் நிற்கும். ஆனால் ஓடினாலும் நின்றாலும் டியூ நிற்காது, இன்சூரன்ஸ் நிற்காது. "வற்றலில் கிடைப்பதைப் பிரீமியத்தில் கொடுக்கிறோம்" என்ற புலம்பலைச் சங்கக் கூட்டங்களில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். இந்தப் புலம்பலில் பாதி நியாயம் என்பதும், மீதிப் பாதி பாலிசியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதால் வருவது என்பதும் நம் கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் சொந்தச் சரக்கு ஏற்றும் வண்டிக்குத் தனி பெர்மிட்டும் வாடகை வண்டிக்குத் தனி பெர்மிட்டும் இருந்தன. 1989 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் 'சரக்கு வாகனம்' என்று ஒன்றாக்கிவிட்டது. நம் கடைச் சரக்கை மட்டும் ஏற்றினாலும் மஞ்சள் போர்டுதான், எஃப்.சி.தான், மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டினால் பெர்மிட்டும்தான். ஆனால் பழைய பாகுபாடு இன்சூரன்ஸ் கட்டணத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. 'பப்ளிக் கேரியர்', 'பிரைவேட் கேரியர்' என்று இரண்டு வகை அங்கே உண்டு. நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. எடுத்துச் சொல்லும் ஏஜெண்டும் அரிது.

கணக்கைப் பாருங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டணத்தை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த பட்டியல்படி, மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்குப் பப்ளிக் கேரியர் என்றால் 16,049 ரூபாய், பிரைவேட் கேரியர் என்றால் 8,510 ரூபாய். 7,500 கிலோவுக்கு மேல் 12,000 வரை, அதாவது சட்டம் நடுத்தரச் சரக்கு வாகனம் என்று சொல்லும் அளவுக்கு, முன்னது 27,186, பின்னது 17,204. வித்தியாசம் 9,982 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி, இந்த மூன்றாம் நபர் பகுதிக்கு மட்டும் அது 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது.

இதே பட்டியலில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிரைவேட் கேரியரில் 12,000 முதல் 20,000 கிலோ வரையுள்ள பெரிய வண்டிக்கு 10,876 ரூபாய்தான்! சிறிய வண்டி வைத்திருப்பவர் பெரிய வண்டிக்காரரைவிட 6,328 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார். இழப்பீட்டுப் புள்ளிவிவரத்தைக் காட்டி இதற்கு விளக்கம் சொல்வார்கள். கிராமத்துக் கடைக்காரர் வாங்குகிற அளவு வண்டி எதுவோ அதன்மேலேயே இந்தச் சுமை விழுவதை நாம் ஏற்க முடியாது. பேரமைப்புகள் அமைச்சகத்துக்கு எழுதவேண்டிய முதல் விஷயம் இதுவே.

அப்படியானால் எல்லோரும் பிரைவேட் கேரியருக்கு மாறிவிடலாமா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். அந்தப் பாலிசி, வண்டி நம் தொழில் தொடர்பாக மட்டுமே ஓடும், வாடகைக்கு ஓடாது என்ற நிபந்தனையோடு வருவது. விருதுநகருக்கு வற்றல் ஏற்றிப் போன வண்டி வெறுமனே திரும்புவது நம் ஊரில் வழக்கமா? பக்கத்துக் கடைக்காரரின் எண்ணெய் டின், சம்பந்தி வீட்டு உர மூடை எல்லாம் ஏறும். "டீசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி" என்று ஒரு தொகை கைமாறும். ஒருவருக்கொருவர் உதவி வாழும் இடத்தில் இதைக் குற்றம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் பாலிசியின் கண்ணுக்கு அது வாடகை. அன்றைக்கு வண்டி கவிழ்ந்தால் சொந்தச் சேதத்துக்கான கோரிக்கையை நிறுவனம் தள்ளிவிட இடம் உண்டு. மூன்றாம் நபருக்கு நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன தொகையை நிறுவனம் கட்டிவிட்டு, நிபந்தனை மீறல் என்று நம்மிடமே வசூலிக்க வரலாம். காசு வாங்காமல் ஏற்றினாலும், அது 'நம் தொழில்' ஆகுமா என்ற கேள்வி வரும்.

ஆகவே ரிட்டர்ன் லோடு ஏற்றுகிறவர் ஒளிக்காமல் பப்ளிக் கேரியராகவே எடுக்கட்டும். வருஷத்துக்குப் பத்து நடை, நடைக்கு ஆயிரம் கிடைத்தாலே வித்தியாசம் கழிந்துவிடும். அது கிடைக்காதவர் 9,982 ரூபாயை மிச்சம் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் மூடைக்கு "இல்லை" என்று சொல்லப் பழகட்டும். சொல்வது கஷ்டம்தான்.

மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோவிலுக்கு அதே லாரியில் ஊரையே ஏற்றிப் போகிறோமே, அதற்கு எந்த வகை பாலிசியும் உதவாது. சரக்கு வண்டியில் சும்மா ஏறிவந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

சொந்தச் சேதப் பகுதிக்கு வருவோம். 2007 ஜனவரி முதல் இதன் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். நான்கு பொதுத்துறை நிறுவனங்களிலும் தனியாரிலும் கேட்டுப் பார்ப்பது லாபம். மூன்றாம் நபர் பகுதியில் மட்டும் "பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன்" என்று யாராவது வந்தால் அந்தக் காகிதம் போலி என்றே சந்தேகியுங்கள். பாலிசி எண்ணை நிறுவன அலுவலகத்தில் காட்டி உறுதி செய்த பிறகே பணம் கொடுங்கள். சரக்கு வண்டிப் பாலிசியில் டயர், விளக்கு, பம்பர், மட்கார்டு, பெயிண்ட் ஆகியவை சாதாரணமாகச் சேராது, 'ஐ.எம்.டி. 23' என்ற கூடுதல் பிரிவைக் கேட்டு வாங்கவேண்டும். ஏற்றிய வற்றலுக்கும் லாரி பாலிசி பொறுப்பல்ல. அதற்குச் சரக்குப் போக்குவரத்துப் பாலிசி தனி. டிரைவர் லைசென்சையும் பாருங்கள். 7,500 கிலோ வரை சாதாரண இலகு வாகன லைசென்ஸ் போதும் என்று 2024 நவம்பர் 6 அன்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அதற்கு மேற்பட்ட நடுத்தர லாரிக்கு அது போதாது.

நம் வறட்சிப் பகுதிக்கென்றே எழுதி வைத்ததுபோல ஒரு பிரிவு இருக்கிறது. வண்டி தொடர்ச்சியாக இரண்டு மாதத்துக்குக் குறையாமல் ஷெட்டில் நின்றால், முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அந்தக் காலத்துக்குப் பிரீமியச் சலுகை பெறும் வழியை 2002-ஆம் ஆண்டின் மோட்டார் கட்டண விதிகள் வகுத்தன. சலுகைக் காலத்தில் வண்டி ரோட்டுக்கு வரக்கூடாது என்பது அதன் விலை. ஐ.எம்.டி. 11 என்று சொல்லிக் கேளுங்கள். தங்கள் நிறுவனம் அதைத் தருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக "ஆகட்டும்" என்பது ஆபத்தில் நிற்காது.

புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பாகவே பழைய பாலிசியின் நகலைச் சங்க அலுவலகத்தில் உறுப்பினர்கள் காட்டினால், அது எந்த வகையில் போடப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்யலாம். பத்து இருபது வண்டிகளைச் சேர்த்து ஒரே இடத்தில் விலை கேட்கவும் அது உதவும்.