எத்தனை பந்து போட்டாய், கண்ணா?

போன வருஷம் ஆடி மாதம். "அம்மா, இடுப்புல கொஞ்சம் தைலம் தேய்ச்சு விடேன்" என்று என் சின்னவன் வந்து குப்புறப் படுத்தான். தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து தேய்த்துவிட்டேன். மறுநாளும் கேட்டான், அதற்கு மறுநாளும் கேட்டான். பத்து நாள் இப்படியே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்குக் கிளம்பும்போது, பாவம் பிள்ளை வலியோடு போகிறானே என்று நானே ஒரு வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பினேன். இப்போது அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவனுக்கு அப்போது பதினாலு வயசு. வலது கையால் வேகப்பந்து போடுவான். எங்கள் பக்கத்தில் நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் 2016-ல் டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடக்க ஆரம்பித்ததிலிருந்தே பையன்களுக்கு ஒரே கிரிக்கெட் பைத்தியம். 2024-ல் திண்டுக்கல் டிராகன்ஸ் கோப்பையை வாங்கிய பிறகு கேட்கவே வேண்டாம்! போனை வைத்துக்கொண்டு மூலையில் உட்காருவதற்கு இது எவ்வளவோ மேல் என்றுதான் நானும் சந்தோஷப்பட்டேன்.

ஒருநாள் காலையில் ஷூ கயிறு கட்டக் குனிந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மதுரைக்கு எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனோம். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, வாரத்துக்கு எத்தனை பந்து போடுறே?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அவன் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தோம். பள்ளிக்கூடத்தில் நாலு சாயங்காலம், தினம் 60 பந்து. சனி, ஞாயிறு காலையில் கோச்சிங், 50 பந்து வீதம். ஞாயிறு மத்தியானம் தெருப் பையன்களோடு டென்னிஸ் பந்து டோர்னமெண்ட், இரண்டு மேட்ச், நாலு நாலு ஓவர். மொத்தம் 388!

பி.டி. சாருக்கு அவருடைய 240 தெரியும். கோச்சுக்கு அவருடைய 100 தெரியும். தெரு டீம் கேப்டன் அண்ணனுக்கு எட்டு ஓவர் தெரியும். மூன்று பேருமே நல்லவர்கள்தான், பிள்ளை மேல் பிரியம் உள்ளவர்கள்தான். ஆனால் மொத்தக் கணக்கு ஒருவரிடமும் இல்லை. அது தெரியக்கூடிய ஒரே இடம் வீடு. வீட்டில் நான் தைலம் தேய்த்துக் கொண்டிருந்தேன்!

டாக்டர் பொறுமையாக விளக்கினார். வேகப்பந்து போடும்போது முதுகு ஒரே நேரத்தில் வளைந்து, சாய்ந்து, திருகுகிறதாம். வலது கைக்காரருக்கு இடுப்பின் இடது பக்கத்து எலும்பில்தான் அநேகமாக அந்தப் பாரம் இறங்கும். தினம் தினம் இறங்கினால் மயிரிழை போல விரிசல் விழும். முதுகெலும்பு முழுசாக இறுக இருபது வயது தாண்டிவிடும். தோளிலும் முழங்கையிலும்கூட, வளர்கிற பிள்ளைக்கு எலும்பின் நுனியில் குருத்து இருக்கும். பெரியவர்களுக்குச் சவ்வு இழுபடுகிற இடத்தில், சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் குருத்துதான் அடி வாங்கும்.

2004-ல் பாகிஸ்தானுக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு பந்து வீசிய நம் சென்னை பாலாஜியை ஞாபகம் இருக்கிறதா? முதுகு விரிசலால் நெடுநாள் ஆட முடியாமல் இருந்தவர். பும்ராவுக்கு 2023-ல் நியூஸிலாந்தில் முதுகு ஆபரேஷனே நடந்தது. கூடவே டாக்டரும் பயிற்சியாளருமாகச் சுற்றி நிற்கிற பெரியவர்களுக்கே இந்தக் கதி என்றால் நம் வீட்டுக் குழந்தைகள் எம்மாத்திரம்?

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். அதில் பந்து எறிகிற சிறுவர்களுக்குத் தோளும் முழங்கையும் கெட்டுப் போவதைப் பார்த்து, 2014-ல் வயதுவாரியாகக் கணக்கு வகுத்தார்கள். 9, 10 வயசுக்கு ஒரு நாளைக்கு 75 பந்து, 11, 12 வயசுக்கு 85. அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. நிறைய எறிந்தால் அடுத்த சில நாட்கள் கட்டாய ஓய்வு. சின்னப் பிள்ளைகள் வருஷத்தில் நாலு மாதமாவது பந்து எறியவே கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். இங்கிலாந்து கிரிக்கெட் போர்டு வெகுகாலம் வைத்திருந்த கணக்குப்படி, 14, 15 வயது வேகப்பந்துக்காரனுக்கு வாரத்தில் இரண்டே பயிற்சி, தடவைக்கு 36 பந்து. மேட்சில் ஒரே மூச்சில் 6 ஓவர், நாள் முழுதுக்கும் 12. ஒரு மேட்சைச் சேர்த்தாலும் வாரத்துக்கு 144. என் பிள்ளை போட்டது 388.

என்ன பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். விளையாடிய அன்று உடம்பு வலிப்பது சகஜம். மறுநாள் காலையிலும் அதே இடத்தில் வலித்தால், ஒரே பக்கமாக வலித்தால், பின்னால் வளையும்போது சுருக்கென்றால், முழங்கையை முழுசாக நீட்ட முடியாவிட்டால், தலை வாரக் கையைத் தூக்கும்போது முகம் சுளித்தால் பந்தை வாங்கி வைத்துவிட்டு டாக்டரிடம் போய்விடுங்கள். தைலம், ஒத்தடம் என்று நாளைக் கடத்த வேண்டாம். வலி மாத்திரை போட்டு ஆட அனுப்பவே வேண்டாம்; வலி சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் வாயைப் பொத்துவது போலத்தான் அது. எறிபந்து ஆடும் பெண் குழந்தைகள், ஈட்டி எறிகிற பிள்ளைகளின் தோளையும் இதே கண்ணோடு பாருங்கள்.

சின்னவனுக்கு மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது என்றாகிவிட்டது. நடுவில் மாவட்ட செலக்ஷன் வந்தது, போயிற்று. "இந்த ஒரு நாள் மட்டும் போட்டுட்டு வரட்டுமே" என்றார் இவர். நான் அசையவில்லை. அன்று ராத்திரி பிள்ளை சாப்பிடாமல் படுத்தான். எனக்கும் சாதம் இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் கோச்சிங்குக்கும் நானே நேரில் போய்ப் பேசினேன். "அம்மா, இங்க அவன் ஜாஸ்தி போடறதே இல்லையே" என்று இருவரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அவரவர் மட்டில் அது உண்மையும்கூட. இருவரிடமும் அந்தப் பால் நோட்டுப் பக்கத்தைக் காட்டினேன். கோச் சார் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை பேட்டிங் மட்டும் பண்ணட்டும்மா" என்றார். டென்னிஸ் பந்து டோர்னமெண்டை நிறுத்தத்தான் பெரும்பாடு. கடைசியில் அங்கே விக்கெட் கீப்பராக நிற்கச் சம்மதித்தான்.

இப்போது சமையலறைத் தினசரி காலண்டரில் அன்றன்று போட்ட பந்தை அவனே எழுத வேண்டும். நேற்று 36 என்று எழுதியிருந்தான். "நிஜமாவாடா?" என்றேன். பென்சிலை எடுத்து, தலையைக் குனிந்துகொண்டே 42 என்று திருத்தினான்.