ஒண்டுக் குடித்தன டி.வி.

அமெரிக்காவில் 'லோ பவர்' என்று ஒரு ரக டி.வி. ஸ்டேஷன் உண்டு. எஃப்.சி.சி. என்கிற அந்த ஊர் கமிஷன் 1982-ல் அனுமதித்தது. பெரிய ஸ்டேஷன் யு.எச்.எஃப்.பில் 1000 கிலோவாட் வரை போகலாம். இதற்கு 15. ஊர் எல்லையைத் தாண்டினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து காணாமல் போய்விடும்.

பவர் கூடப் பரவாயில்லை சார், அந்தஸ்துதான் பிரச்னை. இவர் பெரியவர்களுக்கு இடைஞ்சல் பண்ணக் கூடாது. பெரியவர்கள் இடைஞ்சல் பண்ணினால் பொறுத்துக்கொள்ளணும். அவர்களுக்கு அந்த அலைவரிசை தேவைப்பட்டால் மூட்டை கட்டணும். சுத்தமான ஒண்டுக் குடித்தனம்!

ஸ்பானிஷ் டி.வி.யில் கணிசமான பகுதி இப்படிப்பட்ட போர்ஷனில்தான் ஜீவிக்கிறது. 1955-லேயே சான் அன்டோனியோவில் ரவுல் கோர்டெஸ் என்பவர் முழு நேர ஸ்பானிஷ் ஸ்டேஷன் ஆரம்பித்துவிட்டார். ஆனாலும் பல ஊர்களில் நல்ல லைசென்ஸ்களை இங்கிலீஷ்காரர்கள் முதலிலேயே வளைத்துப் போட்டாச்சு. பிறகு வந்தவர்களுக்கு மிச்சம்தான். 2020 சென்சஸ்படி 6 கோடிக்கு மேல் ஹிஸ்பானிக் ஜனங்கள் இருக்கிற தேசத்தில் இந்த நிலைமை.

சான் டியேகோவைப் பாருங்கள். மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய பெரிய நகரம். அங்கே யுனிவிஷன் வருவது கே.பி.என்.டி. என்கிற லோ பவர் ஸ்டேஷனில். இது 'கிளாஸ் ஏ'. அதாவது 1999-ல் வந்த சட்டத்தின் புண்ணியத்தில் பட்டா வாங்கிய ஒண்டுக் குடித்தனம். போட்டியாளர் டெலிமுண்டோவோ 2017 வரை எல்லைக்கு அந்தப் பக்கம் டிஹுவானாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் ஜூலையில் முதலாளி என்.பி.சி. அதை இழுத்துவந்து தன் சான் டியேகோ ஸ்டேஷனின் சப்-சானலில் உட்கார வைத்தது.

சப்-சானல் என்றால்? நான் பி.காம். எதைப் பார்த்தாலும் வரவு, செலவு என்று இரண்டு பத்தி போடுகிறவன். ஒரு சானலுக்குக் கிடைப்பது 6 மெகாஹெர்ட்ஸ். டிஜிட்டலில் அதற்குள் செகண்டுக்கு 19.39 மெகாபிட் அனுப்பலாம். ஒரே நிகழ்ச்சிக்கு அவ்வளவு எதற்கு? தட்டி வைத்துத் தடுத்து புள்ளி 1, புள்ளி 2, புள்ளி 3 என்று அறை அறையாக்கி, ஒன்றில் பிரசங்கம், ஒன்றில் வைரமோதிர விற்பனை, ஒன்றில் பழைய படம் என்று வாடகைக்கு விடலாம். குடியிருப்பவனே உள்வாடகை வசூலிக்கிறான்! முதல் அறையில் ஸ்பானிஷ் நியூஸ் ஓடுவதற்கான கரண்ட் பில்லைப் பல இடங்களில் இந்த மோதிரம்தான் கட்டுகிறது. எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. கேபிள்காரர் சப்-சானலைக் காட்டியே ஆகவேண்டும் என்ற சட்டம் கிடையாது. லோ பவருக்கே அந்த உரிமை பெரும்பாலும் இல்லை. ஆன்டெனா வைத்திருக்கிற ஏழை ஜனங்களை நம்பித்தான் பிழைப்பு.

2017-ல் ஒரு கூத்து நடந்தது. செல்போன் கம்பெனிகளுக்காக டி.வி. அலைவரிசைகளில் ஒரு பெரிய துண்டை ஏலம் போட்டார்கள். வசூல் 1980 கோடி டாலர். இடத்தை விட்டுக்கொடுத்த பெரிய ஸ்டேஷன்களுக்கும் கிளாஸ் ஏ-க்களுக்கும் அதில் பாதிக்கு மேல் பங்கு. பட்டா இல்லாத லோ பவர்களுக்கு? ஏலத்தில் உட்காரவே அனுமதியில்லை. வேறு இடம் பார்த்துக்கொள் என்பதோடு சரி. அடுத்த வருஷம் அமெரிக்க நாடாளுமன்றம் மனமிரங்கி சாமான் தூக்குகிற செலவை மட்டும் தரச் சம்மதித்தது.

அலைவரிசை மாறினால் வீட்டு டி.வி.யில் 'ரீ-ஸ்கேன்' செய்யணும். செய்யாதவர்களுக்குச் சானல் ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். எத்தனை மெக்ஸிகோ பாட்டிகள் அந்தப் பட்டன் எங்கே என்று பேரனைக் கேட்டிருப்பார்களோ. பேரன் செல்போனில் மூழ்கியிருந்திருப்பான், இங்கிலீஷில்.